மைனர் லீக் பையன் தேறுவானா? முதலில் வயதைப் பாருங்கள்

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில், அதாவது உச்சகட்டமான மேஜர் லீகுக்கு ஆட்களைத் தயார்செய்யும் கீழ்மட்ட லீக்குகளில், ஒரு பையன் 30 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலிக்கு மேல் பறக்கும் அடி) அடித்துவிட்டான் என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள். எந்த வயதில், எந்தப் படியில் அடித்தான்? மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ படியில் பெரும்பாலும் 23, 24 வயதுக்காரர்கள்தான். அங்கே 20 வயதுப் பையன் 0.260 பேட்டிங் சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 260 வெற்றி அடி என்ற கணக்கு) தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். 27 வயதுக்காரர் 0.300 அடித்தால், சரி, சந்தோஷம், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்டிரைக் அவுட்டையும் (மூன்று ஸ்டிரைக் ஆகி அவுட்) வாக்கையும் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 150 ஸ்டிரைக் அவுட், வெறும் 20 வாக் என்றால், விலகிப் போகும் பந்தையெல்லாம் துரத்துகிறான். மேஜர் லீக் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) இதைச் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

மைதானமும் ஏமாற்றும். மைனர் லீக் அணி ஆடும் ஆல்புகர்க்கி நகரம் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் அங்கே சாதாரண அடியும் வேலி தாண்டும்.

அவசரமும் வேண்டாம். பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் டிரவுட் 2011-ல், 19 வயதில் மேஜர் லீகில் நுழைந்து, 40 ஆட்டங்களில் அடித்தது 0.220தான். மறு ஆண்டே மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம்!