உங்கள் கைபேசியில் இயங்குவது எந்தப் பதிப்பு?

பயன்படுத்திய கைபேசி ஒன்றை விலை பேசும்போதும், வங்கிச் செயலி திறக்க மறுக்கும்போதும், "போனில் என்ன வெர்ஷன்?" என்ற கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. அமைப்புகளில் இருக்கும் 'அபௌட் போன்' பகுதியைத் திறந்தால் அங்கே ஓர் எண் அல்ல, நான்கைந்து எண்கள் வரிசையாக நிற்கின்றன. என் சித்தப்பா அவற்றுள் பெரிதாகத் தெரிந்த 14 என்ற எண்ணை நம்பி ஒரு கைபேசியை வாங்கி வந்தார். அது தயாரிப்பு நிறுவனம் ஆண்ட்ராய்டின் மீது போர்த்திய தன் மேலடுக்குக்குச் சூட்டிய எண் என்பதும், அடியில் இருந்தது ஆண்ட்ராய்டு 12 என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, ஆண்ட்ராய்டு கைபேசியில் முதலில் தேட வேண்டியது 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' என்று தெளிவாக எழுதப்பட்ட வரியையே. சாம்சங்கில் அது 'சாஃப்ட்வேர் இன்பர்மேஷன்' என்ற உட்பகுதிக்குள் இருக்கும். செயலிகள் "ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல்" என்று கேட்பது இந்த எண்ணைத்தான்.

குழப்பத்தின் பெரும்பகுதி அதற்கு அடுத்த வரியில், அதாவது மேலடுக்கின் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் கூகுளின் ஆண்ட்ராய்டை எடுத்து, தோற்றத்தையும் சில வசதிகளையும் மாற்றி, அதற்குத் தனிப் பெயரும் தனி எண்ணும் வைக்கிறது. ஆண்ட்ராய்டு 13 என்ற ஒரே இயங்குதளம் சாம்சங்கில் ஒன் யு.ஐ. 5 என்றும், ரியல்மியில் ரியல்மி யு.ஐ. 4 என்றும், ஒப்போவில் கலர் ஓ.எஸ். 13 என்றும் வழங்குகிறது. சாம்சங் 2018ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 9இல் தன் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கியதால், ஒன் யு.ஐ.யின் முதல் எண்ணோடு எட்டைக் கூட்டினால் ஆண்ட்ராய்டு எண் கிடைத்துவிடும், ரியல்மி யு.ஐ.க்குப் பெரும்பாலும் ஒன்பதைக் கூட்ட வேண்டும். ஒப்போ 2020இல் 7ஆம் வரிசையிலிருந்து நேராக 11க்குத் தாவி, ஆண்ட்ராய்டு எண்ணோடு தன் எண்ணைச் சமன்படுத்திக்கொண்டது. பயனருக்கு உதவிய அரிய முடிவு அது. கணக்குக்கே பிடிபடாதது ஷாவ்மி. எம்.ஐ.யு.ஐ. 14 சில கைபேசிகளில் ஆண்ட்ராய்டு 12இன் மீதும், வேறு சிலவற்றில் 13இன் மீதும் இயங்குகிறது. அதற்குப்பின் வந்த ஹைப்பர் ஓ.எஸ். மீண்டும் 1 என்று தொடங்கியதால், 14இலிருந்து 1க்குப் போனவர் பின்னடைந்ததாக நினைக்கக் கூடாது. ஷாவ்மி கைபேசியில் கூட்டல் கழித்தல் வேண்டாம்; ஆண்ட்ராய்டு வரியை மட்டும் படியுங்கள்.

ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்குச் சூட்டப்பட்ட இனிப்புப் பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2009இன் கப்கேக் தொடங்கி 2018இன் பை வரை அகர வரிசையில் வந்த பெயர்களைக் கூகுள் 2019இல் கைவிட்டது. சில மொழிகளில் 'எல்' ஒலியும் 'ஆர்' ஒலியும் பிரித்தறியப்படாததால் லாலிபாப் போன்ற பெயர்கள் தெளிவாக விளங்கவில்லை என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால் நிறுவனத்துக்குள் அந்தப் பெயர்கள் தொடர்கின்றன: 13 டிரமிசு, 14 அப்சைடு டவுன் கேக், 15 வெனிலா ஐஸ்கிரீம், 16 பக்லாவா. பயனர் இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

செயலிக் கோப்பைத் தனியாகத் தரவிறக்குவோர் 'ஏ.பி.ஐ. லெவல்' என்ற இன்னோர் எண்ணையும் காண்பார்கள். அது செயலி எழுதுவோருக்கான எண். 33 முதல் 36 வரையுள்ளவற்றில் இருபதைக் கழித்தால் ஆண்ட்ராய்டு பதிப்பு கிடைக்கும். அதற்குக் கீழே இந்த வழி செல்லாது. ஏ.பி.ஐ. 31 என்பது ஆண்ட்ராய்டு 12, 30 என்பது 11, 26 என்பது 2017இல் வந்த 8.0.

அந்த 26 ஐபோன் வைத்திருப்போரை வேறு விதமாகக் குழப்புகிறது. 2024இல் ஐ.ஓ.எஸ். 18 வந்தது, 2025 செப்டம்பரில் அடுத்து வந்ததோ ஐ.ஓ.எஸ். 26. இடையிலுள்ள 19 முதல் 25 வரை எதுவும் வெளியாகவே இல்லை. கைக்கடிகாரத்துக்கு 11, மேக் கணினிக்கு 15 என்று ஆளுக்கோர் எண்ணாக இருந்ததை ஒழுங்குபடுத்த, வரவிருக்கும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தது ஆப்பிள். ஆகவே ஐ.ஓ.எஸ். 18 உள்ள ஐபோன் எட்டுத் தலைமுறை பின்தங்கியதல்ல, 26க்கு ஒரே ஒரு படி பின்னால் இருப்பது. கைபேசியின் பெயரிலுள்ள எண்ணையும் இதோடு கலக்கக் கூடாது. ஐபோன் 15 கடைக்கு வந்தபோது அதில் இருந்தது ஐ.ஓ.எஸ். 17. சரியான எண் அமைப்புகளில் 'ஜெனரல்', பிறகு 'அபௌட்' என்று போனால் தெரியும்.

இவ்வளவு எண்களுக்கு நடுவே நான் அதிகம் மதிப்பது, ஆண்ட்ராய்டில் 'செக்யூரிட்டி அப்டேட்' என்ற பெயரில் எண்ணாக அல்லாமல் தேதியாகவே எழுதப்படும் ஒரு வரியை. கைபேசியில் எந்த மாதம் வரையிலான பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்ந்துள்ளன என்பதை அது சொல்கிறது. மாதத்தின் 1ஆம் தேதியிட்ட திருத்தத்தைவிட 5ஆம் தேதியிட்டது முழுமையானது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்கும் சிப் தயாரிப்பாளர்களின் மென்பொருளுக்கும் உரிய திருத்தங்கள் பிந்தையதில் அடங்கும். பழைய கைபேசி வாங்குபவர் பதிப்பெண்ணைக் கேட்டதோடு நின்றுவிடாமல் இந்தத் தேதியையும் காட்டச் சொல்ல வேண்டும். அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நின்றுபோயிருந்தால், விற்பவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்தக் கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் துணிய மாட்டேன்.

அடுத்த முறை உதவி மையம் பதிப்பைக் கேட்டால், ஒரு வரியில் இப்படி எழுதி அனுப்புங்கள்: "ஆண்ட்ராய்டு 14, ஒன் யு.ஐ. 6.1, பாதுகாப்புத் திருத்தம் 2025 மே 1." 'பில்ட் நம்பர்' என்ற நீண்ட எழுத்துத் தொடரையும் கேட்டால் கையால் பார்த்து எழுதாமல் திரையைப் படம்பிடித்து இணையுங்கள், அதன் மீது ஏழு முறை தட்டினால் செயலி எழுதுவோருக்கான 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதி திறந்துகொள்ளும் என்பதால், அங்கே விரலைச் சற்று அடக்கி வைப்பது நல்லது.