சிவப்பு விளக்கு எரிந்த பிறகு: போர்டு டெஸ்டிங் மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்யூட் போர்டு டெஸ்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது யாரையும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. போர்டை ஃபிக்ஸ்சரில், அதாவது அதைத் தாங்கிப் பிடிக்கும் சட்டத்தில், வைக்கிறோம், மூடி இறங்குகிறது, பின்கள் தொடுகின்றன, சில நொடிகளில் பச்சை விளக்கு. எடுத்து டிரேயில் வைத்துவிட்டு அடுத்த போர்டு. இந்தச் சுற்றில் கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் மூடி இருக்கிறது, சென்சார் இருக்கிறது, புரோகிராம் இருக்கிறது. சிக்கல் ஆரம்பிப்பது சிவப்பு விளக்கு எரியும்போது. அல்லது மூடி பாதியில் நின்றுவிடும்போது. பின்னால் போர்டுகள் சேர ஆரம்பிக்கும், லைனிலிருந்து "என்னாச்சு?" என்று ஒரு குரல் வரும். அடுத்த அரை நிமிடத்தில் கை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அரை நிமிடத்துக்கு உரியவை.

முதலில் மூடியைப் பார்ப்போம். ஐசிடி எனப்படும் இன்-சர்க்யூட் டெஸ்டரின் ஃபிக்ஸ்சரில் இருக்கும் போகோ பின்கள் (ஸ்பிரிங் வைத்த தொடுமுனைகள்) பார்ப்பதற்குத் தையல் ஊசி கனம்தான். அதனால் அழுத்தமும் கொஞ்சம்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பின்னின் ஸ்பிரிங்கை அழுத்தச் சுமார் 200 கிராம் விசை தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸ்சரில் 1,000 பின்கள் இருந்தால் மூடி 200 கிலோவுக்குக் குறையாமல் அழுத்தியாக வேண்டும். ஏர் சிலிண்டர் அதைச் சிரமமில்லாமல் செய்யும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 120 கிலோ தள்ளும். விரலுக்கு அது மிக அதிகம்.

இதற்காகத்தான் இரண்டு ஸ்டார்ட் பட்டன்கள். இரண்டையும் அரை வினாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் மூடி இறங்கும். ஒன்றை விட்டாலே நிற்க வேண்டும். ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைப்பது பழைய தந்திரம். இந்த அரை வினாடிக் கணக்கு இருப்பதால் ஒழுங்கான மெஷினில் அது பலிக்காது. ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பட்டனை அழுத்து, நான் போர்டைப் பிடிச்சுக்கறேன்" என்றால் எந்த மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாது. போர்டு உட்காராமல் துள்ளுகிறது என்றால் வழிகாட்டும் பின் தேய்ந்திருக்கிறது, அல்லது போர்டு வளைந்திருக்கிறது, அல்லது தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். மூன்றுக்குமே கையால் பிடிப்பது மருந்தல்ல.

இன்டர்லாக்கை, அதாவது பாதுகாப்பு மூடி மூடாமல் மெஷினை ஓடவிடாத பூட்டை, ஏமாற்றும் வேலையும் இதே வகைதான். இங்கே மூடி என்பது பட்டன் அழுத்தினால் இறங்குவது அல்ல, கையால் மூடும் வெளிப்புற மூடி. மூடி திறந்திருந்தாலும் மூடியதாக நம்பவைக்க ஒரு காந்தத் துண்டு, ஒரு உபரி சாவி, ஒரு மடித்த பேப்பர். யாரும் விளையாட்டுக்கு இதைச் செய்வதில்லை. மூடியின் கீல் லேசாகத் தளர்ந்திருக்கும், சென்சார் சரியாக நேர்கொள்ளாது, பத்து போர்டுக்கு ஒருமுறை "மூடி திறந்துள்ளது" என்று மெஷின் நிற்கும். இலக்கு நெருக்கும். யாரோ காந்தத்தை ஒட்டிவிடுவார்கள். ஒரு வாரத்தில் அந்தக் காந்தம் மெஷினின் ஒரு பாகம் மாதிரி ஆகிவிடும், புதிதாக வருபவருக்கு அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. இதில் ஆபரேட்டரை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். கீலைச் சரிசெய்யச் சொல்லி மூன்று முறை எழுதியும் யாரும் வராத இடத்தில்தான் காந்தம் முளைக்கிறது. பின்கள் நிறைந்த ஃபிக்ஸ்சருக்குப் பதில் சில ஊசித் தலைகள் நகர்ந்து நகர்ந்து போர்டைத் தொடும் ஃப்ளையிங் புரோப் மெஷினில் இந்தக் குறுக்குவழி இன்னும் மோசம்: அதன் தலைகள் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் இடம் மாறும், எந்தப் பக்கம் பாயும் என்று ஊகித்துக் கையை இழுக்க நேரம் கிடைக்காது.

ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒரு நிமிடம் போதும். போர்டு எதுவும் வைக்காமல் அந்த வெளிப்புறப் பாதுகாப்பு மூடியைத் திறந்துவிட்டு, கைகளைப் பட்டன்களில் வைத்தபடியே ஸ்டார்ட் கொடுங்கள். எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் அன்றைய வேலை அங்கே நிற்கிறது, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

எமர்ஜென்சி பட்டனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் தலை. அதை அழுத்திவிட்டால் மெஷின் செத்துவிட்டது, இனி உள்ளே கை விடலாம் என்ற நம்பிக்கை. அந்தப் பட்டன் ஓடுவதை நிறுத்தும், அவ்வளவுதான். சிலிண்டரில் அடைபட்ட காற்று சில மெஷின்களில் அப்படியே இருக்கும். போர்டிலுள்ள கெபாசிட்டர்களில் ஏறிய மின்னழுத்தம் இருக்கும். மெயின் சுவிட்ச் வரை வரும் கரன்ட்டும் இருக்கும். இன்னொன்று, தினமும் வேலை முடிந்ததும் மெஷினை அணைக்க அதையே பயன்படுத்துவது. அப்படிப் பழகிய இடத்தில், யாரோ நிஜமாகவே ஆபத்தில் அழுத்தியிருந்தாலும் அடுத்து வருபவர் வழக்கம்போல் திருகி விடுவித்துவிட்டு ஸ்டார்ட்டுக்குப் போவார். விடுவித்தவுடன் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது என்பது விதி. ஆனாலும் ஏன் அழுத்தப்பட்டது என்று தெரியாமல் விடுவிப்பது சரியில்லை. பட்டனுக்கு முன்னால் டிரேக்களை அடுக்கிவைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் நடக்கிறது.

சிக்கிய போர்டை எடுக்கும்போது "ஏர் லைனை மூடிட்டேன்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். வால்வை மூடினால் புதிய காற்று வராது. ஏற்கெனவே உள்ளே போனது எங்கே போகும்? அது சிலிண்டருக்குள் காத்திருக்கும். போர்டை அசைத்ததும் தடை விலகி, மூடி ஒரே அடியாக இறங்கலாம் அல்லது தட்டு மேலே எகிறலாம். காற்றை வெளியேற்றும் வகை வால்வாக இருக்க வேண்டும், கேஜ் பூஜ்யம் காட்ட வேண்டும், மேலிருந்து இறங்கும் பாகம் என்றால் அதைத் தாங்க ஒரு கட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். பழுது பார்ப்பவர் தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. "நான் பார்த்துக்கறேன்" என்று இன்னொருவர் சொல்வது பூட்டுக்கு ஈடாகாது.

இனி மின்சாரம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபெயில் ஆன போர்டும் பாஸ் ஆன போர்டும் கைக்கு ஒன்றல்ல.

பவர் சப்ளை போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் ஏசி உள்ளே போய், டையோடுகளைத் தாண்டி பெரிய கெபாசிட்டரில் சேரும்போது சுமார் 325 வோல்ட் டிசியாக இருக்கும். பவர் ஃபேக்டர் திருத்தும் சுற்றும் இருந்தால் அது 400 வோல்ட்டை நெருங்கும். சோதனை முழுதாக முடிந்தால் கடைசிக் கட்டத்தில் டெஸ்டர் அந்தக் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மூடியைத் திறக்கும். சோதனை நடுவில் ஃபெயில் ஆனால்? நன்றாக எழுதிய புரோகிராம் அப்போதும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் வெளியே வரும். அவசரத்தில் எழுதிய புரோகிராம் ஃபெயில் என்று காட்டிவிட்டு அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடும். எமர்ஜென்சி அழுத்தினாலும், நடுவில் கரன்ட் போனாலும் இதே நிலைமைதான். போர்டு பார்க்க அமைதியாக இருக்கும், எல்.இ.டி கூட எரியாது. எடுப்பவரின் விரல் சால்டர் பக்கத்தில் இரண்டு புள்ளிகளைத் தொடும்.

100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 400 வோல்ட் இருந்தால் அதிலுள்ள ஆற்றல் 8 ஜூல். உதறித் தள்ளவைக்கும் அடி அது. உதறும்போது முழங்கை எங்கே இடிக்கிறது என்பது தனிக்கதை. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது பலருக்குக் கைவந்த பழக்கம். தீப்பொறி பறக்கும், உலோகத் துளி தெறிக்கும், கெபாசிட்டரும் சேர்ந்து கெடும். அதற்குப் பதில் 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள பிடியில் பொருத்திவைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கெபாசிட்டரின் இரு முனைகளிலும் அதை 5 வினாடி பிடித்தால் 3 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். அதற்கு மேலும் சில வினாடி பிடியுங்கள், பிறகு மீட்டரில் பாருங்கள். பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களில் கொஞ்சம் வோல்டேஜ் தானாகவே திரும்ப ஏறும் என்பதால், சற்று நேரம் வைத்திருந்த போர்டைத் தொடுமுன் மறுபடியும் ஒருமுறை பாருங்கள். மீட்டர் வயர் கரன்ட் அளக்கும் துளையில் செருகியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அந்த நிலையில் வோல்டேஜ் அளந்தால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும்.

எந்த போர்டாக இருந்தாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். மோதிரம், வளையல், கழுத்திலிருந்து தொங்கும் ஐடி கார்டு எல்லாம் லாக்கரில் இருக்கட்டும்.

மணிக்கட்டில் மாட்டி எர்த்தில் இணைக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டிருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. அது போர்டைக் காப்பாற்ற வந்தது. நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் பல நூறு வோல்ட் இருந்தாலும் நமக்குத் தெரியாது. 3,000 வோல்ட் அளவில்தான் சுருக்கென்று உணர்வோம். நுண்ணிய ஐசிகளோ 100 வோல்ட்டிலேயே பாழாகலாம். ஸ்ட்ராப் அதை எர்த்துக்கு மெதுவாகக் கடத்துகிறது. அதன் வயருக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பது நமக்காக: தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டால், ஸ்ட்ராப் வழியாக எர்த்துக்குப் போகும் கரன்ட்டை அது கால் மில்லிஆம்பியருக்குள் நிறுத்தும். வயர் அறுந்ததும் சாதாரண வயரைக் கட்டிச் சமாளித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது, இப்போது நீங்கள் நேரடியாக எர்த்தில் கட்டப்பட்டிருக்கிறீர்கள். திறந்த நிலையில் உயர் வோல்டேஜ் ஓடும் போர்டில் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் கை வைக்கும்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் இதனால்தான். சட்டைக் கையின் மேல் மாட்டுவது வெறும் அலங்காரம்.

வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் எர்த் பின்னை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்கோப்பின் உடல் முழுக்க லைவ் ஆகலாம். எர்த்தைச் சாராமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் கேளுங்கள், அல்லது சோதிக்கும் போர்டை, மெயின் கரன்ட்டோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் இருக்கும் பகுதியில் ஒருவர் இரண்டு முனைகளையும் தொட்டால் சுவரிலுள்ள எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழாது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

இன்சுலேஷன் தாங்குகிறதா என்று உயர் வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கும் ஹைபாட் டெஸ்ட் நடக்கும் இடம் தனியாக, தடுப்போடு, எச்சரிக்கை விளக்கோடு இருக்க வேண்டும். 1,500 வோல்ட், 3,000 வோல்ட் என்று போகும் சோதனை அது. ஒருவர் வயர் மாட்ட இன்னொருவர் ஸ்டார்ட் அழுத்துவது அங்கே கூடவே கூடாது. டிசி ஹைபாட் என்றால் சோதனை முடிந்தும் மின்னூட்டம் நிற்கும்.

அடுத்து ரீடெஸ்ட். ஃபெயில் ஆனதும் மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் ஃபெயில், மூடியை ஒரு தட்டு, மறுபடியும் ஸ்டார்ட், பாஸ்! இதைத் தரப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது வழக்கம். பாதுகாப்புப் பிரச்சினையும் இதில் இருக்கிறது. ஐசிடி பொதுவாக முதலில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பவர் இல்லாமலே ரெசிஸ்டர், கெபாசிட்டர்களை அளந்து, கடைசியில்தான் போர்டுக்குப் பவர் கொடுக்கும். அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. ஷார்ட் சோதனையில் விழுந்த போர்டை "அதைத் தாண்டிப் போ" என்று சொல்லி பவர் கொடுத்தால், துருவம் மாறிப் பொருத்தப்பட்ட டாண்டலம் கெபாசிட்டர் தீப்பிடிக்கலாம், எலக்ட்ரோலைட்டிக் மூடி வெடித்துத் திறக்கலாம். பவர் கொடுக்கும் கட்டத்தில் கண்ணாடி அணியச் சொல்வது சும்மா இல்லை. ஒருமுறை ரீடெஸ்ட், அதுவும் போர்டை எடுத்து மறுபடி ஒழுங்காக உட்காரவைத்து. அதற்கு மேல் என்றால் டெக்னீஷியனிடம் போகட்டும்.

தட்டி அழுத்துவதில் இன்னொரு தீங்கு. போர்டு வளையும்போது செராமிக் கெபாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அன்றைக்குச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். பிறகு ஈரம் புகுந்து உள்ளேயே ஷார்ட் ஆகி, யாரோ ஒருவர் வீட்டில் சூடாகும்.

பெரும்பாலும் பொய்யான ஃபெயிலுக்குக் காரணம் பின் முனையில் படிந்த ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் வைக்கும்போது மிஞ்சும் பிசின். அதை ஏர் கன்னால் ஊதுவது எளிதுதான். தூள் பின் குழாய்க்குள்ளும் உங்கள் கண்ணுக்குள்ளும் போகும். மென்மையான பிரஷ்ஷும் வேக்யூமும் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துவதானால் மெஷின் அணைந்திருக்க வேண்டும், முழுதாகக் காயும்வரை ஸ்டார்ட் கூடாது. அது சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவி விடும் திரவம். பாட்டிலைத் திறந்தபடி ஃபிக்ஸ்சர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈயம் கலந்த சால்டர் புழங்கும் லைன் என்றால் சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஃபிக்ஸ்சர் மாற்றும்போது கனத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள், இருவர் சேர்ந்து தூக்குங்கள், பின்களுக்கு மேல் பாதுகாப்புத் தட்டு போட்ட பிறகு. மாற்றியதும் புரோகிராமும் ஃபிக்ஸ்சரும் ஒரே மாடலுக்கானவையா என்று எண்ணைப் படித்துப் பாருங்கள். வேறு மாடலின் புரோகிராம் தவறான பின்னில் பவர் கொடுக்கும். நல்லது என்று தெரிந்த ஒரு போர்டு, கெட்டது என்று தெரிந்த ஒரு போர்டு, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். நல்ல போர்டை மட்டும் ஓட்டிப் பார்த்தால், எல்லாவற்றையும் பாஸ் சொல்லும் மெஷின் மாட்டாது.

ஷிஃப்ட் மாறும்போது பெரும்பாலும் எத்தனை போர்டு ஓடியது என்பதுதான் பேச்சாக இருக்கும். அதோடு எழுதிவைக்க வேண்டியவை வேறு: எந்த சென்சார் விட்டுவிட்டு வேலை செய்கிறது, பழுது பார்க்க எதை பைபாஸ் செய்தார்கள், அதை எடுத்தாயிற்றா, பைபாஸ் சாவி யாரிடம் இருக்கிறது. மெயின்டனன்ஸ் ஆள் முடித்துவிட்டுக் கிளம்புமுன், பாதுகாப்பு மூடி திறந்தபடி ஸ்டார்ட் கொடுக்கும் அந்தச் சோதனையை உங்கள் எதிரிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் மெஷினை வாங்கிக்கொள்ளாதீர்கள்.