மடிக்கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

மடிக்கணினியில் எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை என்றதும் பலர் முதலில் கைவைப்பது ரெசல்யூஷனில்தான், அதாவது திரை காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையில். 1920 × 1080 என்றிருப்பதை 1366 × 768 ஆகக் குறைத்தால் எழுத்து பெரிதாவது உண்மையே. ஆனால் அதன் ஓரங்கள் மங்கி, அரை மணி நேரம் படிப்பதற்குள் கண் களைத்துவிடும். எல்சிடி திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிக்கப்படும்போதே முடிவாகிவிடுகிறது. அதைவிடக் குறைந்த அளவில் படத்தை அனுப்பினால், திரை ஒரு புள்ளியைப் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ரெசல்யூஷனை ‘ரெக்கமண்டட்’ என்று அடையாளமிட்ட அளவிலேயே விட்டுவிட்டு, வேறு இடங்களில் மாற்றம் செய்வதே சரி.

அவற்றுள் முதன்மையானது ‘ஸ்கேல்’. விண்டோஸ் 11-இல் டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்தால், ‘ஸ்கேல்’ என்ற வரியில் 100, 125, 150 எனச் சதவீதங்கள் பட்டியலாக இருக்கும். இதைக் கூட்டினால் எழுத்து மட்டுமல்லாமல் பொத்தான்கள், பட்டியல்கள், சின்னங்கள் அனைத்தும் ஒரே விகிதத்தில் பெரிதாகும், கூர்மையும் குறையாது. 14 அங்குலத் திரையில் 1920 × 1080 இருந்தால் 125-இல் தொடங்கி, போதவில்லையெனில் 150-க்குச் செல்லலாம். 150-இல் வேலைக்குக் கிடைக்கும் இடம் 1280 × 720 அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், சில பழைய மென்பொருள்களின் சாளரங்களில் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துபோவதுண்டு. அப்படி நேர்ந்தால் டேப் விசையால் அந்தப் பொத்தானுக்கு நகர்ந்து என்டர் தட்டலாம். அதே பகுதியில் ‘கஸ்டம் ஸ்கேலிங்’ என்றொரு கட்டமும் உண்டு. 100 முதல் 500 வரை எந்த எண்ணையும் அது ஏற்கும், ஆனால் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே நடைமுறைக்கு வரும். பட்டியலிலுள்ள அளவு போதுமென்றால் இந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஸ்கேலைக் கூட்டிய பிறகு ஒரே ஒரு பழைய மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அதன் சின்னத்தில் வலது சொடுக்கு செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று சென்று, கடைசிக் கட்டத்தைத் தேர்ந்து ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்ட்)’ என மாற்றிப் பார்க்கலாம். பல நேரங்களில் எழுத்து தெளிந்துவிடும்.

சின்னங்களின் அளவு போதும், எழுத்துதான் சிறிதாக இருக்கிறது என்பவர்களுக்கு ‘செட்டிங்ஸ்’, ‘அக்சசிபிலிட்டி’, ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்ற வழி இருக்கிறது. அங்குள்ள நழுவியை (ஸ்லைடர்) 100 முதல் 225 சதவீதம் வரை நகர்த்தலாம். நகர்த்தும்போதே மாதிரி வரி எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு, ‘அப்ளை’ அழுத்த வேண்டும். அழுத்தாமல் வெளியேறினால் எதுவும் மாறாது. எல்லா மென்பொருளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை.

இணையப் பக்கங்களுக்கு உலாவியின் அமைப்பே போதும். கன்ட்ரோலுடன் கூட்டல் விசையை அழுத்தினால் பக்கம் பெரிதாகும், கழித்தல் சிறிதாக்கும், பூஜ்யம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். குரோம் இந்த அளவைத் தளத்துக்குத் தளம் தனித்தனியாக நினைவில் வைக்கும். எல்லாத் தளங்களுக்கும் ஒரே அளவு வேண்டுமெனில் அதன் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘பேஜ் ஜூம்’ மதிப்பை மாற்ற வேண்டும். தமிழில் நிறையப் படிப்பவர்கள் அங்கேயே ‘கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ்’ என்பதற்குள் இருக்கும் ‘மினிமம் ஃபான்ட் சைஸ்’ நழுவியையும் சற்று உயர்த்திக்கொள்வது நல்லது. ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதுவதில்லை: ‘எடு’ என்பதையும் ‘ஏடு’ என்பதையும் பிரிப்பது ஒரு சிறு கீழ்க்கோடு, ‘கொடு’ என்பதையும் ‘கோடு’ என்பதையும் பிரிப்பது கொம்பின் மேலுள்ள ஒரு சுழி. எழுத்து சிறுத்தால் முதலில் கரைந்துபோவது இவையும் மெய்யெழுத்தின் புள்ளியும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாதவர்களுக்கும், ஒரு வரைபடத்தின் மூலையையோ படிவத்தின் பொடி எழுத்தையோ ஒரு நிமிடம் பார்க்க வேண்டியவர்களுக்கும் ‘மேக்னிஃபயர்’ என்ற உருப்பெருக்கி இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் கூட்டல் விசையை அழுத்தினால் அது திறக்கும். எண் பலகை இல்லாத மடிக்கணினியில் பேக்ஸ்பேஸுக்கு இடப்புறம் உள்ள விசையே கூட்டல், ஷிஃப்ட் தேவையில்லை. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எல் தட்டினால் சுட்டியோடு நகரும் வில்லையாகவும், டி (D) தட்டினால் திரையின் மேற்பகுதியில் நிலையாக நிற்கும் பட்டையாகவும், எஃப் தட்டினால் முழுத்திரையாகவும் மாறும். மூடுவதற்கு விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும். திடீரென்று திரை முழுவதும் பெருத்து, சுட்டியோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் யாரோ இதைத் தெரியாமல் திறந்திருப்பார்கள். அந்த இரு விசைகளே மருந்து. வயதான பெற்றோருக்குக் கணினியை அமைத்துக் கொடுப்பவர்கள் மேக்னிஃபயரை நம்புவதைவிட ஸ்கேலை 150-க்கோ 175-க்கோ வைத்துவிடுவது மேல். ஓடும் திரையைத் துரத்திப் படிப்பது அவர்களுக்குப் பெருந்தொல்லை.

மேக்புக்கில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் ‘லார்ஜர் டெக்ஸ்ட்’ பக்கமாக உள்ள அளவைத் தேர்ந்தால் எல்லாம் பெரிதாகும். உருப்பெருக்கத்துக்கு ‘அக்சசிபிலிட்டி’, ‘ஜூம்’ சென்று உருட்டும் சைகைக்கான தேர்வை இயக்கிவிட்டு, கன்ட்ரோலைப் பிடித்தபடி தொடுபலகையில் இரு விரல்களை நகர்த்தலாம்.

வேர்டு கோப்பில் மட்டும் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஃபான்ட் அளவை மாற்றத் தேவையில்லை. சாளரத்தின் கீழ் வலது மூலையிலுள்ள நழுவியை நகர்த்தினால் திரையில் தெரிவது பெரிதாகும், அச்சில் வருவது மாறாது. ஃபான்ட் அளவைக் கூட்டினாலோ இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகிவிடும்.