அட்டை பிள்ளைக்கு, உருண்டை மானுக்கு: கார்ட்டூன் படம் போட்டுச் சத்துணவு விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இங்கே திருகோணமலையில், உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கையில் பயத்தம் உருண்டைப் பக்கற். முகப்பில் ஏதோ கைபேசி விளையாட்டின் வீரன் துவக்கோடு நிற்கிறான். "பிள்ளைகள் பாய்ந்து வாங்குவார்கள்தானே அக்கா?" என்றார். வாங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், துவக்கு மட்டும்தான் இல்லை.

திகதி போட மறப்பது, எழுத்துப் பிழை, உறை சரியாக ஒட்டாமல் விடுவது எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒரு தடவை வந்து போனால் அவை தானாகவே திருந்திவிடும்.

படம் ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம்

நான் செய்தது குரக்கனும் எள்ளும் சர்க்கரையும் போட்ட உருண்டை. அந்த நேரம் பிள்ளைகள் மத்தியில் ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூனில் இருந்து 24 படங்களை எடுத்து, அட்டையாக அடித்து, பக்கற்றுக்கு ஒன்றாகப் போட்டேன். 5000க்குக் குறைந்தால் கட்டாது என்று அச்சகத்தில் சொன்னார்கள். சீட்டுக் காசு முழுக்க அதிலே போனது.

முதல் கிழமை புதன்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்காரர்கள் தேடி வந்து கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டாம் கிழமை, ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, ஒரு வாசலுக்கு எதிரே போய் நின்றேன். ஒரு பொடியன் பக்கற்றைப் பல்லால் கிழித்தான். அட்டை சட்டைப் பைக்குள் போனது. உருண்டையை ஒருதரம் மணந்து பார்த்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எறிந்தான். பின்னால் வந்த நாலைந்து பேரும் அப்படித்தான். நம்மூர் மான்களைத் தெரியும்தானே, பஸ் நிலையம் வரை உலாவுகிற புள்ளிமான்கள்? இரண்டு வந்து உருண்டையைத் தின்றன. ஒன்று உறையையும் சேர்த்து மென்றது. ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பொலித்தீனை இழுத்தெடுத்தேன். பாதி உள்ளே போய்விட்டது. பொலித்தீன் வயிற்றில் சிக்கினால் மான் செத்துப்போகும்.

மூன்றாம் கிழமை அட்டை அலுத்துவிட்டது. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. எள்ளில் சிக்கு வாடை வேறு.

உருண்டை ருசியில்லை என்று நினைக்க வேண்டாம், பெரியவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அது. அட்டைதான் சாமான், உருண்டை அதைச் சுற்றி வந்த கடதாசி என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். இன்றைக்கும் யாராவது "உள்ளே ஒரு ஸ்டிக்கர் போடலாமா?" என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையான 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரே சாப்பாட்டை இரண்டு பொதிகளில், ஒன்றில் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். பிஸ்கற்றும் பழச்சுவை இனிப்பும் ஸ்டிக்கர் ஒட்டிய பொதியில்தான் கூட ருசி என்றார்கள் பிள்ளைகள். கரட் விசயத்தில் அந்த இழுப்புக் குறைந்துபோனது. ஏற்கெனவே பிடித்ததைத்தான் படம் தள்ளிவிடுகிறது. ஆப்பிளில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியின் பொம்மையான எல்மோவின் ஸ்டிக்கர் ஒட்டியதும் பிள்ளைகள் அள்ளினார்கள் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் உண்டு. பயிற்சி வகுப்புகளில் இன்னும் அதைத் திரையில் போடுகிறார்கள். 8 முதல் 11 வயது என்று எழுதப்பட்டிருந்தவர்கள் உண்மையில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் என்று தெரியவந்து, 2017இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே அதை விலக்கிக்கொண்டது. ஒரு வகுப்பில் எழும்பி இதைச் சொன்னேன். தேநீருக்கு விட்டுவிட்டார்கள்.

1929இல் பத்திரிகைச் சித்திரத்தில் வந்த பொப்பாயைப் பாருங்கள். அவன் கீரை ரின்னுக்குப் பக்கத்தில் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பதில்லை. தின்கிறான், கை புடைக்கிறது, அதற்குப் பிறகுதான் சண்டையே. கீரை இல்லாவிட்டால் கதை இல்லை. டெக்சாஸில் கீரை விளையும் கிறிஸ்டல் சிற்றியில் 1937இல் அவனுக்குச் சிலையே வைத்தார்கள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ வீடியோ விளையாட்டிலும் காளான் தின்றால்தான் மாரியோ பெரிதாவான். அந்தப் படத்தை உறையில் போட உரிமை வாங்க வேண்டும். காளான் கறியைப் பிள்ளையின் கோப்பையில் போட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொல்ல யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இப்போது என் பக்கற்றில் ஒரு மான். தங்கச்சியின் மகள் கீறியது. எள்ளு மணத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து பஸ் நிலையத்துக்கு வருகிறது, வந்து உருண்டையைத் தின்கிறது. அவ்வளவுதான் கதை. உள்ளே அட்டை கிடையாது. முதல் கிழமை மந்தம்தான். ஆனால் மூன்றாம் கிழமையும் அதே பிள்ளைகள் வந்தார்கள். நீங்களும் மூன்றாம் கிழமைக் கணக்கைப் பாருங்கள், முதல் கிழமை விற்பது படம். ஒரேயொரு தொல்லை, சில பிள்ளைகள் உருண்டையை மானுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "இது உனக்கு, எனக்கு இலை போதும்" என்று மான் சொல்வதாகப் பின்பக்கம் அடிக்க வேண்டி வந்தது.

இணையத்தில் எடுத்த படம்

நானும் எடுத்தவள்தான், அதனால் சொல்கிறேன். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் போட்டால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சின்ன ஆள், பெரிய ஆள் என்று பார்ப்பதில்லை. 2013இல் அமெரிக்க மரக்கறி, பழ வியாபாரிகள் எல்மோவை இலவசமாகப் போட்டார்கள் என்றால், உரிமைக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு அனுமதி கொடுத்தபடியால்தான்.

சீனியைப் படத்தால் மூடுவது

நன்னாரிப் பானப் போத்தலில் பச்சை முயல் துள்ளுகிறது, மூலையில் சிவப்பு வட்டம். 2016இலிருந்து நம் நாட்டில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்புத்தான். பிள்ளை முயலைப் பார்க்கும். காசு கொடுக்கிற தாய் வட்டத்தைப் பார்ப்பார்.

சாமி படம்

உறை கடைசியில் காலடியில்தான் கிடக்கும். வேண்டாம்.

எல்லா வயதுக்கும் ஒரே உருவம்

பாலர் பாடசாலைப் பிள்ளை கொஞ்சுகிற முயலை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை கையாலும் தொடாது.

உப்புவெளித் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "இந்த வீரன் என்ன சாப்பிடுவான்?" கொஞ்ச நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு ஒன்றும் இல்லை அக்கா. அடிபட்டால் மருந்துப் பெட்டி எடுப்பான்" என்றார். பயத்தம் உருண்டை நல்லாகத்தான் இருந்தது. இரண்டு பக்கற் வாங்கி வைத்துக்கொண்டேன்.