பர்ன்அவுட்டில் அறுந்துகொண்டே இருந்த வால்வு

பைக்கின் பின்சக்கரம் அலாய் ரிம், 100/90-17 டியூப் டயர், காற்று 15 பிஎஸ்ஐ. மூடிய மைதானத்தில் இரண்டு பர்ன்அவுட் (முன்பிரேக்கைப் பிடித்தபடி பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிடுவது) முடிவதற்குள் வால்வு அடியோடு கிழிந்துவிடும். நாலு நாளில் மூன்று டியூப் போனது.

டியூபின் தரம்தான் என்று வேறு டியூப் மாற்றினேன். ரிம் ஓட்டையின் விளிம்பை அரத்தால் மழுக்கினேன். பலனில்லை. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கியது பெரிய தப்பு: வால்வு சாய்வது கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

கடைசியில் டயரிலும் ரிம்மிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரே கோடு போட்டேன். ஒரு பர்ன்அவுட்டுக்குப் பிறகு கோடு இரண்டாகி மூன்று விரல் தள்ளி நின்றது. எஞ்சின் ரிம்மைச் சுழற்றுகிறது, தரை டயரைப் பிடிக்கிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் ரிம்மிலேயே வழுக்கும். உள்ளே டியூபும் சேர்ந்து இழுபட, ஓட்டையில் மாட்டிய வால்வு அறுகிறது. டயர் மாட்டும்போது பீடில் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில்) தடவிய கிரீஸ் அதை இன்னும் வழுக்கவிட்டது.

டயரைக் கழற்றி பீடையும் ரிம்மையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நீர்த்த சோப்புத் தண்ணீர் மட்டும் தொட்டு மாட்டி, 40 பிஎஸ்ஐ ஏற்றி பீடை உட்காரவைத்தேன். ஓர் இரவு காயவிட்டு 28-க்கு இறக்கினேன். நட்டை வால்வு மூடிப் பக்கம் ஏற்றிவிட்டேன். சாய்ந்தால் உடனே தெரியும்.

டயரையும் மாற்றினேன். சாஃப்ட் காம்பவுண்ட் (மென்மையான ரப்பர்) டயர் தரையை அதிகம் பிடித்து ரிம்மில் வழுக்கலைக் கூட்டும், சீக்கிரம் தேயும். பர்ன்அவுட்டுக்கு ஹார்ட் காம்பவுண்ட் சாதா டயரே சரி. பீட் கருகியதையோ பக்கவாட்டில் வெடிப்பு விட்டதையோ திரும்ப மாட்டவே கூடாது.

இப்போது கோடு நகரவில்லை.