மினிடிஸ்க்கில் சிக்கிய பதிவை மீட்ட விதம்

நண்பர் வாசித்த புல்லாங்குழலை மைக் வைத்து மினிடிஸ்க் என்னும் சிறிய டிஜிட்டல் ஒலிப்பதிவு வட்டில் நானே பதிவு செய்து, ஒலியை டிஜிட்டலாகவே கடத்தும் ஆப்டிகல் கேபிள் வழியாக வேறொரு வட்டுக்கு நகலெடுத்திருந்தேன். மூல வட்டு கெட்டுப்போன பின், அந்த நகலிலிருந்து இன்னொன்று எடுக்க முயன்றபோது ரெக்கார்டர் மறுத்துவிட்டது. எஸ்சிஎம்எஸ் என்னும் நகல் தடுப்பு முறை டிஜிட்டல் வழியில் ஒரு தலைமுறை நகலை மட்டுமே அனுமதிக்கும்; பதிவு யாருடையது என்பதை அது பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். இந்தத் தடையை இடும் குறியீடு டிஜிட்டல் சிக்னலோடுதான் வரும், அனலாக் ஒலியில் வராது என்பதால், லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு 3.5 மி.மீ. கேபிளை இணைத்து, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் பேஸ் பூஸ்டை அணைத்து, உரத்த இடத்திலும் அளவு −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி அமைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்தேன். 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடமும் காத்திருக்க வேண்டியிருந்தது; ஆனால் குழலில் மூச்சு இழையும் மெல்லிய ஓசைகூடக் கிடைத்துவிட்டது.