கழிமுகத்தில் மீன் குறைந்தால் விடியலுக்கு முன்னால் அடித்தண்ணீரைப் பாருங்கள்

கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தால் எல்லோரும் முதலில் ஏதோ விஷம் கலந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பல நேரம் காரணம் விஷமல்ல, அளவுக்கு மீறிய சத்து. வயலில் போட்ட யூரியா, சாக்கடை, கால்நடைக் கழிவு எல்லாம் ஆற்றோடு வந்து சேரும்போது அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைக் கண்டபடி வளர்த்துவிடும், அந்தப் பாசி செத்து அடியில் படிந்ததும் அதை மட்க வைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். உங்கள் கழிமுகத்தில் இது நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

முதலில் நேரம். கரைந்திருக்கும் ஆக்சிஜனை நண்பகலில் அளக்காதீர்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் மேல்தண்ணீர் லிட்டருக்கு 12 மில்லிகிராம் வரைகூடக் காட்டும், அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், அவ்வளவு கூடுதலாக இருப்பதே பாசி மிஞ்சிவிட்டது என்பதற்கு அடையாளம். இரவு முழுக்க அதே பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்கு வரும். அப்போது அளந்து பாருங்கள்.

அப்புறம் ஆழம். கனமான உப்புத்தண்ணீர் கீழேயும் ஆற்றுத்தண்ணீர் மேலேயும் தனித்தனி அடுக்காக நிற்கக்கூடும், காற்று இல்லாத வெயில் நாட்களில் இரண்டும் எளிதில் கலக்காது. மேலே மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே கீழே மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம். நீளமான கேபிள் உள்ள ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் அதைத் தரைக்குச் சற்று மேலே வரை இறக்குங்கள். பாட்டிலில் எடுத்துச் சோதனை செய்வதாக இருந்தால் தண்ணீர் குபுகுபுவென்று விழக்கூடாது, மூடிக்கு அடியில் ஒரு குமிழிகூட நிற்கக்கூடாது, காற்று பட்டால் உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் பிரச்சினையில்லை. 3-ஐ நெருங்கும்போது நீந்தத் தெரிந்தவை இடத்தைவிட்டு ஓடும். 2-க்குக் கீழே போனால் ஓட முடியாத முட்டை, குஞ்சு, சிப்பி எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

மீன்பாட்டை, அதாவது வலையில் கிடைக்கும் மீனை, மொத்த எடையாக மட்டும் எழுதி வைக்காதீர்கள், இதுதான் அதிகம் ஏமாற்றும் கணக்கு. சத்து கூடியதும் மிதவை உயிரிகளைத் தின்னும் சிறு மீன்கள் ஆரம்பத்தில் பெருகக்கூடும் என்பதால் எடை குறையாது, ஆனால் தரையோடு வாழும் மீனும் நண்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கும். இனவாரியாக, அளவுவாரியாக எழுதுங்கள். குட்டி மீன்களே கண்ணில் படவில்லை என்றால் கடற்புல்லைப் போய்ப் பாருங்கள். பாசி வெளிச்சத்தை மறைப்பதால் புல் அழியும், குஞ்சுகள் ஒளிந்து வளர இடமிருக்காது. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அவ்வப்போது குறித்து வந்தால் தண்ணீர் கலங்கி வருவது தெரிந்துவிடும்.

கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அலையாத்திக் காட்டுச் சேறு இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், நண்டு தண்ணீரைவிட்டுக் கட்டைகளில் ஏறுவதும் இன்னும் நம்பகமான அறிகுறிகள். அந்த நேரத்தில் சுலபமாகப் பிடிபடுகிறதே என்று அள்ளிச் சமைக்காதீர்கள், சில பாசிகளில் நச்சும் உண்டு.

குறிப்புகள் சேர்ந்ததும் தேதி, நேரம், ஆழம், மழை விவரத்தோடு உள்ளாட்சியிடமும் மீன்வளத் துறையிடமும் கொடுங்கள். அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்கத் தொடங்கிய பிறகு அழிந்துபோன கடற்புல் பெருமளவு திரும்பி வந்தது, ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சேற்றில் தங்கிய பழைய பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், சாக்கடையைச் சரிசெய்த மறுவருடமே மீன் வரவில்லை என்று அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.